எங்கள் பள்ளியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர்,

வணக்கம்.

விடுமுறை நாள் ஒன்றில் எங்கள் பள்ளியின் மேல்தளத்துத் தண்ணீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போய், ஓர் இரவும் ஒரு பகலும் யாருக்கும் தெரியாமல் ஓடிய தண்ணீர், கீழே இருந்த நூலகத்திலும் அலுவலகத்திலும் இரண்டு வகுப்பறைகளிலும் கூரை வழியே இறங்கியது. கதவைத் திறந்தபோது கணுக்கால் அளவுத் தண்ணீரில் பாடப்புத்தகங்கள் மிதந்துகொண்டிருந்தன. இன்று அதே அறைகளில் பிள்ளைகள் மீண்டும் பாடம் படிக்கிறார்கள். அதற்குக் காரணமான உங்கள் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்களை உள்ளே போகவிடாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்திய மின்பணியாளருக்கு உரியது. பதற்றத்தில் தண்ணீருக்குள் கால் வைக்கப் போன எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்த பிறகே அவர் வழிவிட்டார். சுவர்கள் காய்ந்த பின்னரும் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியையும் கழற்றிப் பார்த்து, வயர்களின் மின்காப்பைக் கருவி வைத்துச் சோதித்து, தமக்கு முழுத் திருப்தி ஏற்படும் வரையில் அவர் மின்சாரம் கொடுக்கவே இல்லை. விரைவில் வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்று நான் அவரை நச்சரித்த நாட்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

வாளியும் துடைப்பமுமாக வந்து தண்ணீரை வெளியேற்றிய இளைஞர்களுக்கும், பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைத் தேய்த்துக் கழுவிய பெற்றோருக்கும் நன்றி.

நூலகத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்திற்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதும், அந்த அவகாசத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியாது. புத்தகங்களை வெயிலில் பரப்பத் தொடங்கியிருந்த எங்களை, ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் வந்து நிறுத்தினார். கடும் வெயிலில் தாள்கள் முறுக்கிக்கொள்ளும், அட்டை பிரிந்துவிடும் என்று விளக்கி, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தச் சொன்னார். வண்ணப் படங்கள் கொண்ட வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது என்பதால், அவற்றையே முதலில் எடுக்க வைத்தார். உடனே கவனிக்க முடியாத புத்தகங்களை நெகிழி உறையில் சுற்றி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்தால் பூஞ்சணம் வளராது, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்ட மாத்திரத்தில் தங்கள் உறைபெட்டிகளைக் காலி செய்து கொடுத்தவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

அலுவலகத்தில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேடும் முழுமையாக நனைந்திருந்தது. படித்து முடித்துப் போனவர்கள் பிறந்த தேதிக்கும் படிப்புக்கும் ஆதாரம் கேட்டு வரும்போது நாங்கள் திறந்து பார்ப்பது அந்த ஒரு பதிவேட்டைத்தான். முன்னாள் மாணவியர் மூவர் நாள்தோறும் மாலையில் வந்து, மெல்லிய மூங்கில் சீவலை இரண்டு தாள்களுக்கு நடுவே நுழைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் மையொற்றும் தாள் வைத்து, அது ஈரம் குடித்ததும் மாற்றி மாற்றி வைத்தார்கள். பிற்காலத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வரிகள் சில நீலக் கறையாகக் கரைந்துவிட்டன. ஆனால் ஆக முதல் பக்கங்களில் பழைய கறுப்பு மையால் எழுதப்பட்ட பெயர்கள் அப்படியே நின்றன. அவற்றுள் ஒன்று தம் பாட்டியின் பெயர் என்று அம்மூவரில் ஒருவர் விரல் வைத்துக் காட்டியபோது, அறையில் இருந்த யாருக்கும் பேச்சு வரவில்லை.

பெஞ்சுகளை நிழலில் உலர்த்திப் பழுது பார்த்த தச்சருக்கும், பூச்சுக்குள் ஈரம் இருக்கும்போது வண்ணம் அடித்தால் உரிந்துவிடும் என்று எங்களைப் பொறுத்திருக்க வைத்த கொத்தனாருக்கும் நன்றி. சுவரில் நெகிழித் தாளை ஒட்டி வைத்து, மறுநாள் அதன் உட்புறத்தில் நீர் முத்துகள் கோத்திருக்கிறதா என்று அவர் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகளும் கூடவே நின்று கற்றுக்கொண்டார்கள். அதுவரை எங்கள் வகுப்புகளுக்கு இடம் கொடுத்த அண்டைப் பள்ளிக்கும், நன்கொடை அளித்தவர்களுக்கும் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். வரவு செலவுக் கணக்கு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்தது என்று சொல்ல இயலாது. மரத்தூள் பலகையால் செய்த அலமாரிகள் உப்பிச் சிதைந்துவிட்டன. சிறுவர் பகுதியின் படப் புத்தகங்களில் பல கட்டியாக இறுகிப்போயின. அவற்றை அப்புறப்படுத்திய அன்று பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் கலங்கினோம். அதைக் கேள்விப்பட்டு, தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களை அட்டை போட்டு அனுப்பிவைத்தவர்களில் பலர் பெயரைக்கூட எழுதவில்லை. அவர்களுக்கும் இம்மடல் எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

நூலகம் திறந்துவிட்டது. நீங்கள் உலர்த்திய புத்தகங்களின் தாள்கள் சற்றே அலையலையாக இருக்கின்றன. அவற்றைத் தனி அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். பள்ளி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை
ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவ மாணவியர் சார்பாக