ஊர் தன் பங்கைப் போட நேரம் கொடுங்கள்

நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) குழுக்களில் இருக்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

வருகிற மார்ச் 31 அன்று நான் பணி ஓய்வு பெறுகிறேன். 1994-ல் ஒரு சிறிய அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை உள்ள ஊர்களில்தான் இத்தனை வருஷமும் வேலை. ஊர்க்காரர்களிடம் கொஞ்சம், வெளியில் கொஞ்சம் என்று பணம் திரட்டி, குளம், படகு, பள்ளிக் கழிப்பறை, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று பார்த்துக்கொண்டோம். கடைசிப் பத்து வருஷத்தில் வெளியிலிருந்து வந்ததில் பெரும்பகுதி உங்களைப் போன்றவர்கள் தந்தது. அதனால் பசியாறிய வீடுகளை எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். வேலையில் இருந்தவரை சொல்லத் தயங்கிய ஒன்றை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்து மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கோயில் திருவிழாவோ பொதுச் செலவோ, வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்து வசூலிக்கும். வரி கட்டுகிறவர் ஊரில் ஒருவர். கூட்டத்தில் பேசலாம், பொதுவில் வருவதில் பங்கு கேட்கலாம். பல ஊர்களில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். புருஷன் இல்லாத பெண்ணின் வீடு அந்தக் கணக்கில் வராது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதன் விளைவை நேரில் பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். லாரி லாரியாகப் பொருள் வந்தது. யாரும் உடுத்த முடியாத பழைய துணி சாலை ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. பல ஊர்களில் நிவாரணப் பட்டியல் வரிக் கணக்கை வைத்தே போடப்பட்டதால், விதவைகளின் பெயர் விடுபட்டது. படகு இல்லாத, வயல் வேலைக்குப் போகிற தலித் குடும்பங்களின் பெயர் அதைவிட அதிகமாக விடுபட்டது. அவர்களுக்கும் அன்றோடு பிழைப்பு போயிருந்தது.

ஒரு ஊரில் மூன்றாவது மாதம் நடந்த கூட்டத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் எழுந்தார். மீன் கூடை தூக்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். நிவாரணம் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. “எங்கிட்டயும் வரி வாங்குங்க. வாங்கிட்டு, அப்புறம் எனக்குப் பங்கு இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றார். கூட்டம் சத்தமானது, அன்று ஒன்றும் முடிவாகவில்லை. நானும் என் கூட்டாளிகளும் அடுத்த ஐந்து மாதம் அந்த ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தோம். டீக்கடையில், வலை பின்னுகிற இடத்தில், பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் என்று பேசினோம். அடுத்த திருவிழாவுக்கு அந்த ஊரில் பதினோரு பெண்கள் தங்கள் பெயரில் வரி கட்டினார்கள். அந்த வரிக் கணக்கு நோட்டைப் பார்த்த நாள் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வேலைக்கு ஊர் தானும் காசு போடுவது செலவைக் குறைப்பதற்காக மட்டும் அல்ல. போட்டவர் கணக்குக் கேட்கலாம், சண்டை போடலாம், இது எங்களுடையது என்று சொல்லலாம். யாரிடம் வாங்குவது, யாரை விடுவது என்று பேசும்போதுதான் விடுபட்டவர்களும் வெளியே தெரிவார்கள். அந்தப் பேச்சுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும்.

நீங்கள் தரும் பணத்தில் அந்த நேரம் மட்டும் இருப்பதில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று அடித்த பிறகு பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு குளங்களைத் தூர்வாரினோம். முதல் ஊரில் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று முடிவானது. தென்னை மொத்தமும் சாய்ந்துபோனவர்கள் காசுக்குப் பதிலாக இரண்டு நாள் மண் சுமந்தார்கள். வேலை தொடங்கவே நான்கு மாதம் ஆனது. இரண்டாவது ஊருக்கு ஒரு நிறுவனம் முழுப் பணத்தையும் தந்தது, ஆனால் நிதியாண்டு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றது. பிப்ரவரி கடைசியில் பொக்லைன் வந்தது. மூன்றே வாரத்தில் வேலை முடிந்து பெயர்ப் பலகையும் வைத்தாயிற்று. தண்ணீர் வரும் வாய்க்காலை எங்கே ஆழப்படுத்த வேண்டும் என்று ஊரில் யாரையும் நான் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டது. ஏன் யாரும் எடுத்துவிடவில்லை என்று கேட்டதற்கு, “அது கம்பெனிக் குளம்தானே சார்” என்றார்கள்.

பணம் முழுதும் செலவாகி வேலை முடிந்தது என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவசரம் வேண்டாம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருஷப் பணம் வராமல் போய்விடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சட்டம் அவசரப்படுத்துகிறது என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்டப் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் தொடர் திட்டத்துக்கும் வழி வைத்திருக்கிறது. தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கான தனிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பும் உங்கள் நிறுவனத்தின் பொது நிர்வாகத்துக்கானது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021-ல் வந்த திருத்த விதிகளே சொல்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து ஐந்து மாதம் பேசுகிறவரின் சம்பளமும் திட்டச் செலவுதான். அதை வீண் செலவு என்று வெட்டாதீர்கள்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு ஊருக்குப் பணம் ஒதுக்கும்போது முதல் ஆறு மாதத்துக்கு எந்தக் கட்டுமானமும் கேட்காதீர்கள். ஊர் கூடட்டும், தன் பங்கை முடிவு செய்யட்டும், அது வீட்டுக்கு இருபது ரூபாயாகவே இருந்தாலும் சரி. அந்தப் பட்டியலில் தனியாக வாழும் பெண்களின் பெயர் இருக்கிறதா, தெருவுக்கு அப்பால் இருக்கிற குடும்பங்களின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

என் இடத்துக்கு வருகிற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். வேதாரண்யம் பக்கம் ஒரு ஊரில் வைகாசியில் குளத்துக்கான முதல் கூட்டத்தை அவர்தான் நடத்தப் போகிறார். உங்களில் யாராவது வர முடிந்தால் வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வந்தால்தான் எல்லோரும் வேலை முடிந்து வந்திருப்பார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெறும் களப்பணியாளர் ஒருவர்
நாகப்பட்டினம் மாவட்டம்