அலைகரையில் நின்றவர்களுக்கு

வணக்கம். சோளகக் காற்று அடங்கிவிட்டது. எங்கள் சிறுகுளத்துக்கு வெள்ளம் வந்து சேரும் மேட்டுப்பக்கக் கரையான அலைகரையில் நட்ட மரக்கன்றுகளில் பச்சை தெரிகிறது. பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

முதல் நன்றி மாட்டுப் பட்டிக்கார ஐயாவுக்கு. கன்றைத் தின்பது அவருடைய மாடுகள்தான் என்று கூட்டத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தே கதைத்தோம். மனுசன் வாய் திறக்காமல் எழும்பிப் போனார். அடுத்த நாள் விடியவே ஒரு வாளி சாணகத்தோடு வந்து நின்றார். "மாடு தன்ர சாணகம் மணக்கிற குழையில வாய் வையாது."

மற்ற ஊர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறோம். ஈரச் சாணகம் அரை வாளி, தண்ணீர் ஒரு வாளி. கரைத்துச் சாக்கில் வடிக்கவேண்டும். தடிப்பாக விட்டால் இலையில் அப்பிக் காய்ந்துவிடும். வேப்பங்குழையால் தொட்டுத் தெளிக்கலாம், நடுக்குருத்தை மூடக்கூடாது. மழை பெய்தால் கழுவுப்பட்டுவிடும். மழை இல்லாவிட்டாலும் பத்து நாளைக்கு ஒருமுறை தெளிக்கவேண்டும், புதுத் துளிரில் மணம் இராது. மாடு தேடுவதே அதைத்தான்.

கன்றைச் சுற்றி அடைத்த முள்கொப்பு அலம்பலையும் அவரே திருத்தி அடைத்துத் தந்தார். விடத்தல் கொப்பின் வெட்டிய அடி கன்றின் பக்கம், முள் நுனி வெளிப்பக்கம். நாங்கள் மறுவளமாக அடைத்திருந்தோம். மாடு அடிக்கட்டையில் கொம்பைக் கொளுவி இழுக்க, முழுதாகக் கழன்று வந்தது.

பாலைக்கன்று முதல் வருடம் முழங்கால் உயரத்துக்கும் வராது. நுனியைக் கடித்தால் அந்த வருடமே போச்சு. தேக்கை மாடு தொடாது, கெதியாகவும் வளரும், அதை நட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கோடையில் இலை முழுக்கக் கொட்டிவிட்டு நிற்கிற மரம் குளத்துக்கு எதற்கு? பாலையும் வீரையும் அந்த வெயிலிலும் இலையோடு நிற்கும். பெரிய குளமான இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு இருக்கிறது. எங்கள் சிறுகுளத்துக்கு மேட்டுக்காட்டிலிருந்து வடிவதுதான் வரத்து. இப்போது மாரி சில நாளிலேயே கொட்டித் தீர்க்கிறது. மரமில்லாத அலைகரையால் வரும் வெள்ளம் மண்ணையும் அள்ளிவந்து குளத்தைத் தூர்க்கும், பிறகு சிறுபோகத்தை, கோடை நெல்லை, மறக்கவேண்டியதுதான்.

பாலைக்கொட்டையைச் சதை போகக் கழுவி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தித் தந்த மாதர் சங்கத்துக்கும், 10 அடி அகலத்துக்குப் புல் செருக்கித் தீ வராமல் காத்த கமக்கார அமைப்புக்கும், தண்ணீர்ப் பவுசர் தம்பிக்கும், தண்ணீர் கசியப் போத்தலில் துளையிட்டு வேரடியில் புதைத்த பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நன்றி. பொலித்தீன் பையைக் கழற்றாமலே நட்ட கன்றுகளும் சில அகப்பட்டன. யார் நட்டது என்று கேட்கமாட்டோம்.

வருகிற மாரிக்கு, மண் ஒரு அடி ஆழம் நனைந்த பிறகுதான் கிடங்கில் கன்று இறங்கும். மண்வெட்டி பட்டு வழுவழுத்த கிடங்குச் சுவரைக் கொத்திவிட்டே நடுவோம், இல்லாவிட்டால் வேர் சட்டிக்குள் போலச் சுற்றும். மாடுகள் தண்ணீருக்கு இறங்க 20 அடிப் பாதை விட்டுத்தான் நடும் வரிசைக்குக் கயிறு பிடிப்போம். எந்தப் பக்கம் என்று ஐயாவே வந்து தடி ஊன்றட்டும்.