நாற்பத்தாறு நிமிட நிசப்தத்துக்கு நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும்,

செப்டம்பர் 24 இரவு எங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்து, 'பிராமிசஸ்' இசைத்தட்டை முழுவதுமாகக் கேட்டோம். அதில் வாசித்திருக்கும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் 2022-இல் மறைந்த நாள் அது. அப்பா போன பிறகு பல இரவுகள் நான் தனியாகக் கேட்ட இசை. ஒருமுறையாவது நாலு பேரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

ஸ்பீக்கர்களைத் தந்ததோடு நில்லாமல் மூன்று மாடி தூக்கியும் வந்த நண்பருக்கு நன்றி. தேநீர் கொடுத்தனுப்பிய தெருமுனைக் கடைக்காரருக்கும்.

கீழ் வீட்டு அக்கா, தண்ணீர் மோட்டாரைப் போடாமல் இருந்தீர்களே, அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத்தான் இந்த மடல். இந்த இசை 2021-இல் வெளிவந்தபோது சாண்டர்ஸுக்கு வயது 80. 1960-களில் ஜாஸ் இசைமேதை ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து சாக்ஸபோனை அலறவிட்டவர், இதில் மூச்சுக்காற்றும் கேட்கும்படி அவ்வளவு மெதுவாக ஊதுகிறார். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் மின்னணு இசை படைக்கும் சாம் ஷெப்பர்டு அமைத்த ஏழு சுரங்களின் சிறு தொடர், விட்டுவிட்டுப் பெய்யும் தூறல்போலத் திரும்பத் திரும்ப வருகிறது. நான்காம் பகுதியில் சாண்டர்ஸ் வாத்தியத்தை விட்டுவிட்டுச் சொல்லில்லாமல் முனகுகிறார். கிழவர் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருக்கும். மோட்டார் ஓடியிருந்தால் அந்தக் குரல் யார் காதிலும் விழுந்திருக்காது.

ஆறாம் பகுதியில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்களும் செல்லோக்களும் பொங்கி எழுந்தபோது, எதிர்வீட்டு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவின் நண்பர். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தால் போதும் என்றுதான் கேட்டிருந்தேன், அணைத்துவிட்டு அவரே மேலே வந்துவிட்டார்.

கடைசிப் பகுதிக்கு முன்னால் எல்லாம் அடங்கிவிடுகிறது. முடிந்ததென்று நினைத்து மாமா எழுந்திருக்கக் கையை ஊன்றினார். யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து வயலின்கள் மீண்டும் வந்தன. அவர் மெல்ல உட்கார்ந்துகொண்டார். அந்த இடைவெளியில் வாய் திறக்காமல் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி.

அக்கா, மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. உங்கள் தொட்டி இரவெல்லாம் காலியாகக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது.

நன்றியுடன்,
மூன்றாம் மாடியிலிருந்து