கங்கை வழியே என்னை மேலே அனுப்பியவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், வழியில் சந்தித்துப் பெயர்கூடச் சொல்லாமல் பிரிந்துபோன எல்லோருக்கும் வணக்கம்.

மகள் உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் தன் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் கொழும்பில் கியூ.எஸ்., அதாவது கட்டட அளவையியல், படிக்கிறான். எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு என்னைக் காண்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைதான் கதைக்கிறார்கள். "தனி ஒருத்தியாய் நின்று ரெண்டு பிள்ளைகளையும் படிப்பிச்சுப் போட்டீங்கள்" என்பது ஒன்று. "இனி என்ன, கோயில் குளம் என்று ஆறுதலாய் இருக்க வேண்டியதுதானே" என்பது மற்றது. இரண்டும் சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். தனி ஒருத்தியாய் நான் ஒன்றும் செய்யவில்லை. இப்போது வீட்டில் ஆறுதலாய் இருக்கவும் இல்லை. மூதூர்ப் பக்கம் கடலில் விழுகிற மகாவலி கங்கையைப் பிடித்துக்கொண்டு, அது ஊற்றெடுக்கும் மலைநாடு வரைக்கும் கட்டம் கட்டமாய்ப் போய்ப் பார்த்து வந்திருக்கிறேன். பிள்ளைகளைப் படிப்பிக்கக் கைகொடுத்தவர்களின் உதவிதான் இந்தப் பயணத்திலும் எனக்குத் துணையாய் வந்தது.

மகனுக்குச் சின்னதிலிருந்தே முட்டு வருத்தம், ஆஸ்துமா. கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசும் மாதங்களிலும் மாரி ஈரத்திலும் அவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் தரத்தில் பள்ளிக்குப் போன நாளைவிட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாள்தான் கூட. தவறிப்போன பாடத்தைத் திருப்பிச் சொல்லித்தரப் பள்ளியில் ஆள் இல்லை. அதனால் வீட்டில் வைத்தே படிப்பிக்கத் தொடங்கினேன். அண்ணனைப் பார்த்துத் தங்கச்சியும் விறாந்தைப் பள்ளியில் சேர்ந்துகொண்டாள்.

இந்த நாட்டில் 16 வயது வரைக்கும் கல்வி கட்டாயம். ஆகவே, பிள்ளைகளை ஏன் மறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. அப்போது எங்கள் பகுதிக் கிராம சேவகர் ஐயா வீட்டுக்கு வந்தார். கொப்பிகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார். மகனை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவரே விளக்கம் சொல்லிவிடுவார். ஐயா, அந்த நாளில் நீங்கள் அதிகாரமாய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் பயந்து எல்லாவற்றையும் விட்டிருப்பேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டீர்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே தெரியாது.

உப்புவெளி மாஸ்டருக்கு என்ன சொல்லி நன்றி எழுதுவது? ஓய்வு பெற்ற மனிதர், பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் நடந்து வருகிற நேரத்தை எங்களுக்குத் தந்தார். அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் அவர் பொறுப்பு. நான் கொடுத்த காசை ஒரு நாளும் வாங்கவில்லை. புட்டும் சம்பலும் கொடுத்தால் மட்டும் மறுக்காமல் சாப்பிடுவார். விடையைவிட வழிதான் முக்கியம் என்பார். சமன்பாட்டின் ஒவ்வொரு படியையும் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏன் அந்தப் படி என்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு நானும் படித்தேன். நான் படிக்கிற காலத்தில் கணக்கு என்றாலே நடுங்கியவள்.

கிண்ணியா ராத்தா, உங்கள் மகள்மார் வகுப்பேறும்போதெல்லாம் பழைய பாடப்புத்தகங்களை உறை போட்டபடியே கொண்டுவந்து தந்தீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்கள் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இலவசமாய்க் கையில் கிடைக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். நீங்கள் இருந்ததால் எங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம். பொது நூலகத்தில் வேலை செய்கிறவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் மேசையில் இருந்து வாசிப்பதைப் பார்த்து ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பரீட்சை மண்டபத்துப் பொறுப்பாளருக்கும் என் கும்பிடு. தனியார் பரீட்சார்த்தியாய்ப் போன என் மகன் இன்ஹேலரை மேசையில் வைத்துக்கொண்டு எழுத அவர் விட்டார். ஒன்பது பாடமும் அவன் எழுதி முடித்தது அந்தத் தைரியத்தில்தான்.

பின்வளவு அம்மேக்கு இந்த மடலை யாராவது சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். வேலிக்கு மேலால் முருங்கைக்காயும் மாங்காயும் கைமாறும்போது பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் சிங்களம் கதைக்கப் பழக்கினார். பிழையாய்ச் சொன்னால் சிரிக்காமல் இன்னொரு முறை மெதுவாய்ச் சொல்லித் தருவார். பிள்ளைகளின் பரீட்சைக்காகத் தொடங்கிய அந்தப் பேச்சு பிறகு எனக்கு எங்கெங்கே உதவியது என்று கீழே வரும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

நாட்டுப்படத்தில் மகாவலியை மகன் நீலப் பென்சிலால் கீறும்போது நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பேன்: 335 கிலோமீட்டர், இலங்கையின் மிக நீளமான ஆறு, மத்திய மலைநாட்டில் தொடங்கிக் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. கொட்டியாரம் எங்கள் ஊர். மற்ற இடம் எல்லாம் எனக்குப் படத்தில் உள்ள பெயர்கள்தான். அவனுக்கு முட்டு, வீட்டில் மாமி, கையில் அளவான காசு. அந்த வருடங்களில் போகக்கூடிய வசதி இல்லை, அவ்வளவுதான். மகள் யாழ்ப்பாணம் போன கிழமையில், விறாந்தைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கழற்றப் போனபோது இவர்தான், என் கணவர், சொன்னார்: "கழட்ட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாரும்."

இவர் சொன்னது ஒன்று. அது நடப்பதற்கு மச்சாள் வேண்டியிருந்தது. மாமிக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பாடும் ஊசியும் பார்க்க வேண்டும். மச்சாள் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து நின்றார், ஒவ்வொரு தடவையும். பெண்கள் ஏன் பயணம் போவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். பயமும் காசும் பிறகு வருகிற காரணங்கள். வீட்டில் இருக்கிற வேலையை இன்னொருவர் முகம் கோணாமல் ஏற்க வேண்டும், அது நடந்தால்தான் படலையைத் தாண்டலாம். மச்சாள், உங்களுக்கு என் முதல் நன்றி.

கிண்ணியாவில் தொடங்கினேன். ராத்தா கூட வந்தார். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், அதை எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் இருவரும் இறங்கி நடந்தோம். பாலம் வருவதற்கு முந்தி அங்கே 'பாதை' என்று சொல்லும் மிதவையில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். வாகனத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதை அசைந்து அசைந்து வரும் கதையை ராத்தா நடந்துகொண்டே சொன்னார். அங்கிருந்து மூதூர்ப் பக்கம் கங்கைப் பாலம். எங்கள் ஆட்கள் மகாவலியைச் சும்மா கங்கை என்றே சொல்வார்கள். மண்ணிறத் தண்ணீர், இரண்டு பக்கமும் மரம், நல்ல அகலம். 1660இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியை இந்தக் கொட்டியாரத்தில்தான் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 20 வருடம் அவரால் வெளியே வர முடியவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தபோது இந்த இடத்தில் நெடுநேரம் நிற்போம். நம்முடைய ஊர்க் கரையிலிருந்து அந்த மலைநாட்டுக்கு மனுசர் எப்படி நடந்தார்கள் என்று மகள் கேட்டபடியே இருப்பாள்.

அடுத்தது மன்னம்பிட்டி. கோச்சியில் கல் ஓயா சந்தி வரை போய் மட்டக்களப்புக் கோச்சிக்கு மாற வேண்டும். கோச்சி பிந்திவிட்டது. இருட்டிய பிறகு மேடையில் தனியே நின்ற என்னை ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் அலுவலகத்துக்குள் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, கோச்சி வந்ததும் தானே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். மறுநாள் பின்னேரம் மன்னம்பிட்டியில் ஆற்றங்கரை ஓரமாய் நடக்க வெளிக்கிட்டேன். வீதியோரம் சோளம் அவித்து விற்ற ஒரு வயதான அம்மா எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த நேரத்தில் யானை தண்ணிக்கு வரும் என்றார். பின்வளவு அம்மே பழக்கிய சிங்களம் இல்லாவிட்டால் அவர் ஏன் கத்துகிறார் என்றே எனக்கு விளங்கியிருக்காது. அந்தச் சோளக்கார அம்மாவுக்கும் எங்கள் அம்மேக்கும் சேர்த்துத்தான் என் உயிருக்கான நன்றியைச் சொல்கிறேன்.

கண்டியில் நடந்ததை மறைக்க மாட்டேன். முன்கூட்டியே கதைத்து வைத்த தங்குமிடத்தில், தனியாய் வந்த பெண்ணுக்கு அறை தர ஏலாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மழை. நேரம் இரவு எட்டு மணியாகிவிட்டது. கொண்டுவந்து இறக்கிய ஓட்டோத் தம்பி போகாமல் நின்றார். யாரிடமோ போனில் கதைத்தார், பிறகு தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அக்கா நான் யார், எவர் என்று கேட்கவில்லை. ஈரச் சேலையை வாங்கிக் காயப்போட்டு, தன் மகளின் கட்டிலை எனக்குத் தந்தார். இவருக்குப் போன் எடுத்து "பயப்பட வேண்டாம்" என்று அவரே சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இவர் அன்றிரவு படுத்தாராம். தனியே பயணம் போகிற பெண்ணைச் சந்தேகமாய்ப் பார்க்கிற வழக்கம் எங்களிடையே இன்னும் இருக்கிறது. அது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்தக் கோபத்தோடு நான் வீடு திரும்பாமல் இருந்தது அந்த அக்காவால்.

அடுத்த நாள் பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் கங்கை வளைத்துப் போவதைப் பார்த்தேன். 1985இல் கட்டி முடித்த விக்டோரியா அணைக்கும் போனேன். 122 மீற்றர் உயரம். அந்த நீருக்குக் கீழே பழைய தெல்தெனிய ஊர் கிடக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவருடைய தகப்பன் அந்த ஊராம்.

அப்புறம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கம், ஆக்கரப்பத்தனை. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் இறங்குகிறது. அங்கே பிறக்கும் ஆக்ரா ஓயா என்ற சிற்றாறு தேயிலைக்கு நடுவால் இறங்கிக் கொத்மலை ஓயாவோடு கங்கைக்குப் போகிறது. பாலத்தடியில் எவ்வளவு பெரிய ஆறு, இங்கே கல்லில் கால் வைத்துக் கடக்கலாம். வழி காட்டியது கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு அக்கா. குளிரில் நான் நடுங்குவதைக் கண்டு, தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடான லயத்துக்குக் கூட்டிப்போய் அடுப்படியில் இருத்தினார். அவருடைய மகள் 11ஆம் தரம். கணித வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாய் இருந்தாள். தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாள் குறை. கொழுந்து நிறுக்கிற தாய்க்கு இதை எங்கே போய்ச் சொல்ல நேரம்? நான் கொப்பியை வாங்கி, மாஸ்டர் சொல்லித்தந்த மாதிரி ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒருங்கமை சமன்பாடு அவளுக்குப் பிடிபட்டபோது அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளைகளைப் படிப்பித்த வருடங்களில் எனக்குக் கிடைத்த எந்தப் புகழும் அதற்குப் பக்கத்தில் வராது.

இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைக்குப் போனில் பாடம் நடக்கிறது. எங்கள் விறாந்தையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மாஸ்டர் கதிரையில் இருந்து கேட்கிறார், தேவையான இடத்தில் சத்தம் போடுகிறார். லயத்தில் இருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ராத்தா புத்தகப் பார்சல் ஒன்று கட்டி வைத்திருக்கிறார். 10ஆம், 11ஆம் தரக் கணித, விஞ்ஞானப் புத்தகங்களோ கடந்தகால வினாத்தாள்களோ வீட்டில் சும்மா கிடந்தால் எங்கள் படலையில் கொண்டுவந்து தாருங்கள். அடுத்த முறை போகும்போது நானே கொண்டுபோவேன். மச்சாளிடம் கேட்டாயிற்று, வருவதாகச் சொல்லிவிட்டார். மாமி வேறு, அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லா பின்னத் தொடங்கிவிட்டார்.

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

உங்கள் அன்புள்ள,
விறாந்தைப் பள்ளி அம்மா
திருகோணமலை