ஒரே நாளில் மூன்று மலையூர்

அன்பு மகள் கயலுக்கு,

இத்தாலியில் நாங்கள் சுற்றிய மூன்று மலையூர்களின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "ஏப்ரலில் நாங்கள் போகும்போது இந்த மூன்று ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கடிதமாகவே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் நாங்கள் போன வரிசையில் போகாதே.

காலையில் அண்ணன் பிளாரன்ஸிலிருந்து கார் ஓட்டினான். முதலில் மாண்டெரிஜ்ஜோனி. பிளாரன்ஸின் போட்டி நகரமான சியெனாவைச் சேர்ந்தவர்கள் பிளாரன்ஸை மிரட்ட 1213-க்கும் 1219-க்கும் இடையில் கட்டிய எல்லைக் காவல் ஊர். குன்றின் மேல் வட்டமாக ஒரு மதில், மதிலில் 14 கோபுரம், உள்ளே ஒரு சதுக்கம், ஒரு சர்ச், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். இத்தனை மதில் இருந்தும் 1554-ல் உள்ளே இருந்த தளபதியே எதிரியிடம் ஊரை ஒப்படைத்துவிட்டான். அரை மணி நேரம் போதும்.

அடுத்து சான் ஜிமிஞானோ. தூரத்திலிருந்தே கோபுரங்கள் தெரிந்துவிடும். உன் அம்மா, "எந்தச் சாமிக்கு?" என்றாள். சாமிக்கு இல்லை, வீம்புக்கு. ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் இருந்த ஊர் இது. வியாபாரத்திலும் குங்குமப்பூவிலும் காசு கொட்டியிருக்கிறது. காசு வந்ததும் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு கோபுரம் எழுப்பின. ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்கிறார்கள், இன்று 14. இவர்கள் அடங்கமாட்டார்கள் என்று தெரிந்து, நகராட்சிக் கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டக்கூடாது என்று 1255-ல் சட்டமே போட்டார்கள். சல்வுச்சி குடும்பம் என்ன செய்தது தெரியுமா? பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கோபுரம் கட்டிவிட்டது! நம் ஊர் பில்டர்களுக்கு இவர்கள்தான் முன்னோடி.

நீ கட்டடம் படித்தவள், உனக்காக ஒன்றைக் கவனித்தேன். சுவர் முழுக்கச் சீரான இடைவெளியில் சதுர ஓட்டைகள். பக்கத்தில் நின்ற ஒருவர் பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாரம் கட்டக் கட்டை செருகிய ஓட்டைகள் அவை. வேலை முடிந்ததும் கட்டையை உருவிவிட்டார்கள், அடைக்கவில்லை. அதில் இப்போது புறா குடும்பம் நடத்துகிறது. சுவர் என்னமோ பெரிய கல்லாலேயே கட்டியதுபோல் தெரிகிறது. உண்மையில் இரண்டு பக்கமும் செதுக்கிய கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது.

இதெல்லாம் எப்படித் தப்பியது என்றால், ஊர் நொடித்துப் போனதால்தான். 1348-ல் கொள்ளை நோய் வந்து ஊரைத் துடைத்தது. ஐந்து வருஷத்தில் பிளாரன்ஸுக்கு அடங்கிவிட்டார்கள். யாத்திரைப் பாதையும் கை நழுவியது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று. ரொட்டியில் உப்பே கிடையாது. அம்மா, போட மறந்துவிட்டார்கள் போல என்றாள். இந்தப் பக்கத்து ரொட்டியே அப்படித்தானாம். அப்புறம் சதுக்கத்தில் டூர் பஸ் கூட்டம். ஐஸ்கிரீம் வரிசையில் நின்றதில்தான் ஒரு மணி நேரம் போனது.

வொல்தெராவுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது, அதுதான் எனக்கு ஆதங்கம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ரோமானியர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் காலத்து வாசல் ஒன்று, வளைவில் மூன்று கல் தலைகள். மழையும் காற்றும் தின்று கண், மூக்கு எதுவும் இல்லை, உருண்டைதான் மிச்சம். 1944-ல் நேச நாட்டுப் படை நெருங்கியபோது ஜெர்மன் ராணுவம் இந்த வாசலை வெடிவைத்துத் தகர்க்க இருந்தது. ஊர்க்காரர்கள் கெஞ்சி ஒரு நாள் அவகாசம் வாங்கினார்கள். தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்துச் சுமந்து வந்து, வாசலை அடியிலிருந்து மேல்வரை அடைத்துவிட்டார்கள். அடைத்துவிட்டால் தகர்க்க வேண்டிய அவசியம் இல்லையே! அந்தச் செய்தி பொறித்த பலகை அங்கேயே இருக்கிறது. அம்மா வளைவின் கீழ் நின்று பக்கத்துக் கல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

அதனால் நீ காலையில் நேராக வொல்தெராவுக்குப் போ. வெண்சலவைக்கல் போல இருக்கும் அலபாஸ்டரைக் கடையும் பட்டறைகள் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சான் ஜிமிஞானோவுக்கு நாலு மணிக்கு மேல் போனால் பஸ்கள் கிளம்பியிருக்கும். மாண்டெரிஜ்ஜோனி திரும்பும் வழியில், சின்னவன் விழித்திருந்தால் மட்டும்.

தள்ளுவண்டி வேண்டாம், தெருவெல்லாம் கல், ஏற்றம். காரை மதிலுக்கு வெளியே நிறுத்தச் சொல் மாப்பிள்ளையிடம். உள்ளே நுழைந்தால் கேமரா பிடித்து அபராதத்தை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அண்ணன் லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா