பிரகலாதனை விட்டுப் போன ஆறு பேர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி.

கொலுவுக்கு வரும் பிள்ளைகளுக்கு, ‘லட்சுமியும் சரஸ்வதியும் மாமியார் மருமகள், ஒரே வீட்டில் தங்க மாட்டார்கள்’ என்று கதை சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அது வேண்டாம். பிரம்மா திருமாலின் உந்தியில் பிறந்தவர், அவர் மனைவி சரஸ்வதி என்ற உறவை வைத்துக் கிளம்பிய பேச்சு அது. கேட்கும் பிள்ளை, பணமா படிப்பா, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

மகாபாரதம் சாந்தி பர்வம் 124-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள். தருமரின் செல்வத்தைப் பார்த்து வயிறெரிந்து வந்த துரியோதனனுக்குத் திருதராஷ்டிரன் சொன்ன கதை. மூவுலகையும் பிரகலாதனிடம் இழந்த இந்திரன் முதலில் பிரகஸ்பதியிடம் போகிறான். அவர் ஞானத்தை உபதேசிக்கிறார். அதற்கு மேலும் உண்டா என்று சுக்கிராச்சாரியாரிடம் போனால், அவர் பிரகலாதனிடமே அனுப்பிவிடுகிறார். கதை சொல்கிறவர்கள் இந்த இரண்டு குருமார்களையும் விட்டுவிடுவார்கள். நீ விடாதே. ஞானம் கிடைத்த பிறகும் ராஜ்யம் திரும்பவில்லை என்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது.

இந்திரன் அந்தண வேடத்தில் போகிறான். ‘ஆட்சிப் பொறுப்பில் எனக்கு நேரமில்லை’ என்கிறான் பிரகலாதன். நேரம் வரும்வரை காத்திருந்து சீடனாகப் பணிவிடை செய்கிறான் இந்திரன். அரசன் என்ற செருக்கில்லாமல் பெரியவர்கள் சொல்லைக் கேட்கிறேன், தேனீக்கள் அடையில் தேன் சேர்ப்பதுபோல் அவர்கள் எனக்குள் நீதியைச் சேர்க்கிறார்கள் என்று பிரகலாதன் சொல்லும் இடத்தை நிதானமாகச் சொல். பிறகு வரம். சீடன் கேட்பது அவனுடைய சீலத்தை. மனம் கலங்கினாலும் கொடுத்துவிடுகிறான்.

உடனே அவன் உடம்பிலிருந்து ஓர் ஒளியுருவம் வெளியேறுகிறது. ‘நீ யார்?’ ‘சீலம்.’ அடுத்து தர்மம், சத்தியம், நல்லொழுக்கம், பலம், கடைசியாகத் திருமகள். இந்த வரிசை மாறக்கூடாது. தர்மம் சீலத்தைத் தேடிப் போகிறது, சத்தியம் தர்மத்தைத் தேடி. இப்படியே ஒவ்வொருவரும் முன்னால் போனவர் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறார்கள். நேரமில்லை என்று நடுவில் நாலு பேரை வெட்டினால், லட்சுமி ஏதோ கோபித்துக்கொண்டு போனமாதிரி ஆகிவிடும். ஆறு பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு வரி கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

நரசிம்ம அவதாரத்துக் குழந்தைப் பிரகலாதன்தான் இங்கே வளர்ந்து அரசனாக இருக்கிறான் என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் தூணைப் பற்றிக் கேட்டுக் குழப்புவார்கள். சீலம் என்றால் என்ன என்றும் கேட்பார்கள். திருதராஷ்டிரனே சொல்கிறான்: மனத்தாலும் சொல்லாலும் செயலாலும் எவருக்கும் தீங்கு செய்யாமை, இரக்கம், கொடை. வெட்கப்பட வைக்கும் காரியத்தைச் செய்யவே கூடாது என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

எந்த நாளில் வைத்திருக்கிறாய்? சரஸ்வதி பூஜையன்று என்றால் நானும் வந்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் நண்பன்