நெட் போனாலும் பில் ஓட வேண்டும்

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி விற்கும் தோழர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் ஆள்தான். விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரலை சிடியில் போட்டு, கடை கடையாக பைக்கில் போய் இன்ஸ்டால் செய்து பிழைத்தவன். இப்போது யாரைக் கேட்டாலும் கணினியில் இன்ஸ்டால் செய்யும் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு மார்க்கெட் இல்லை, எல்லாம் பிரவுசரில் ஓடும் வெப்புக்கு மாறியாச்சு என்கிறீர்கள். சரி, யாருடைய வசதிக்காக மாறியது?

நம் வசதிக்காகத்தான், மறைக்க என்ன இருக்கிறது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. நவம்பரிலேயே 178 வகைப் பொருள்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒவ்வொரு கடைக் கணினியிலும் வரியை மாற்ற, அந்த வாரம் முழுக்கப் பென் டிரைவோடு தெருத் தெருவாக ஓடினேன். 2025 செப்டம்பர் 22-இல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குக்குள் வந்தபோது, வெப்காரர்கள் சர்வரில் ஒருமுறை மாற்றிவிட்டுத் தூங்கப் போனார்கள். திருட்டு காப்பித் தொல்லை இல்லை, சந்தாவும் மாதாமாதம் வரும். (சந்தாவுக்கு வெப் அவசியமில்லை என்பது வேறு விஷயம். அடோபி 2013-இல் சந்தாவுக்கு மாறிய பிறகும் ஃபோட்டோஷாப் கணினியில்தான் ஓடியது.)

கடைக்காரர் கேட்பது வேறு. எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வெப்புக்கு மாறினார். விற்றவர் பெயர் வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் ஃபைபர் அறுந்துபோனது. கல்லா முன்னால் இருபது பேர் நிற்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று முழுக்க துண்டுச் சீட்டில்தான் கணக்கு. மறுவாரம் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பழசையே போட்டுக் குடுத்துரு" என்றார். 1998-இல் வந்த விபி6-இல் எழுதியது. விண்டோஸ் 11-இலும் ஓடுகிறது.

அதற்காகப் பழசுக்கே திரும்பச் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணாச்சியின் மகன் அன்றைய விற்பனையை ஃபோனில் பார்க்க நினைக்கிறான். அதற்கு வெப்தான் சரி. ஆனால் கவுண்டரில் எடைத்தராசும் தெர்மல் பிரிண்டரும் இருக்கின்றன. ஒவ்வொரு பில்லுக்கும் பிரவுசர் பிரிண்ட் விண்டோவைக் காட்டிக்கொண்டிருந்தால் வரிசை நகராது.

நான் கேட்பது இதுதான்: பில் முதலில் கடைக் கணினியிலேயே பதியட்டும், நெட் வந்ததும் சர்வருக்குப் போகட்டும். பிரவுசரிலேயே செய்வதற்கு, நெட் இல்லாமலும் பக்கத்தைத் திறக்க உதவும் சர்வீஸ் ஒர்க்கரும், தரவைக் கணினியிலேயே சேமிக்கும் இண்டெக்ஸ்டு டிபியும் இருக்கின்றன. வெப் நிரலை டெஸ்க்டாப் மென்பொருளாக்கித் தரும் எலக்ட்ரானை எடுத்தால் வெப் மட்டும் தெரிந்த பையன்களே டெஸ்க்டாப் மென்பொருளையும் கட்டிவிடுவார்கள். நிரல் எழுத நீங்கள் தினமும் திறக்கும் விஎஸ் கோட் அப்படிச் செய்ததுதானே? நெட் இல்லாத நேரத்தில் இரண்டு கவுண்டரும் ஒரே பில் எண்ணைப் போட்டுவிடாதா என்பீர்கள். கவுண்டருக்கு ஒரு முன்னெழுத்து கொடுங்கள். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்கும்வரை, ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளை ஜிஎஸ்டி விதியே அனுமதிக்கிறது.

அப்புறம், அடுத்த டெமோவுக்குப் போகும்போது பாதி பில்லில் ரூட்டரை நீங்களே அணைத்துவிட்டு மீதியைப் போட்டுக் காட்டுங்கள். அண்ணாச்சி விலையைக் கேட்பார்.

இப்படிக்கு,
இன்னும் பென் டிரைவோடு சுற்றும் ஒருவன்